டம்ளர்க்கா

முட்டையை விளக்கின் முன்னால் பிடிக்கிறார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தட்டில் வைக்கிறார். அடுத்தது. கெட்டது என்று பட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது. கை மட்டும் இடப்பக்க வாளிக்குப் போகும். வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தாலும் கையில் இருக்கும் முட்டையை முடித்துவிட்டுத்தான் எழுவார். பிறகு அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அதன் வயிற்றில் மூச்சை ஊதி, துணியால் அழுத்தித் துடைப்பார். ஊதி ஊதித் துடைப்பார். ஜீப் டிரைவருக்குப் பொறுக்காது.

"ஏன்க்கா, அங்க தண்ணி குடுக்க மாட்டாங்களா? அரசாங்கத்துல டம்ளருக்குமா பஞ்சம்?"

"அரசாங்க டம்ளர்ல வாய் வச்சா அரசாங்கம் மாதிரியே பேச்சு வரும்பா. நீ வண்டிய எடு."

முட்டைக்கடை அவருக்குப் பிழைப்பு. எல்லை மேசையில் இரண்டு பக்கத்துப் பேச்சையும் மொழிபெயர்ப்பது அவர் வேலை. ஊரில் யாருக்கும் அவர் பேர் வேண்டியிருப்பதில்லை. டம்ளர்க்கா என்றால் தபால்காரரே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

எங்கள் மாவட்டம் சின்னது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் வெயில் காலம் முழுக்க வறண்டு கிடக்கும் ஓர் ஓடை. முன்பு ஓடையின் இரு கரையும் ஒரே மாவட்டமாக இருந்தது. மாவு மில் இங்கே, சந்தை அங்கே. பெண் கொடுப்பதும் எடுப்பதும் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியும் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அதில் படித்தவன்தான். தலைநகரங்களில் யாரோ யாரோடோ முறைத்துக்கொண்டார்கள், இங்கே ஓடையோரம் கம்பிவேலி முளைத்தது. டம்ளர்க்கா அந்தக் கரையில் பிறந்து இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டவர். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு தேய்வதற்குள் வேலி வந்துவிட்டது. இன்னும் பள்ளிக்கூடமே சேராத சின்னத் தம்பி ஒருவன் அந்தப் பக்கம் நின்றுபோனான்.

வேலி மனிதருக்குத்தான். ஓடை வேலியைக் கடக்கும் இடத்தில் இருக்கும் சந்து ஆடுகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்தப் பக்கத்து ஆடுகளுக்குக் கொம்பில் நீல வண்ணம், அந்தப் பக்கத்து ஆடுகளுக்குச் சிவப்பு. வழிதவறியவற்றைத் திருப்பித் தர, எல்லைக் கதவை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நடுவில் மேசை. ஒரு பக்கம் நம் அதிகாரி, எதிரே அவர்கள் அதிகாரி, மேசையின் முனையில் டம்ளர்க்கா, அவருக்கு முன்னால் டம்ளர்.

பேசுகிறவர் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். கண் டம்ளரிலேயே நிற்கும். ஒருவர் பேசி முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, அந்தப் பேச்சை அப்படியே அடுத்தவர் மொழியில் வைப்பார். வேலை முடிந்தால் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார். ஏன் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா மனசு சாயும். நான் குழாய் மாதிரி தம்பி. இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரும். குழாய்க்குன்னு சொந்தத் தண்ணி கிடையாது."

ஒருமுறை அவர் வீட்டு ஆட்டுக்கே வழக்கு வந்தது. கொம்பில் வண்ணம் அழிந்துபோயிருந்தது. என்னுடையது என்று கணவர் அடித்துப் பேசினார். எதிர்ப்பக்கத்துக்காரர், ஒரு தடவை விசிலடித்துப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டார். டம்ளர்க்கா தண்ணீர் குடித்துவிட்டு அதை அப்படியே சொன்னார். விசிலுக்கு ஆடு துள்ளிக்கொண்டு ஓடியது. "வீட்டுக்காரர் ரொம்ப நாள் என்னோட பேசல. வீடு நிம்மதியா இருந்துச்சு" என்பார். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவர் வாக்கை நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கை போனால் மேசையும் போகும். அப்புறம் ஓடையைத் தாண்டிய எதுவும் திரும்பி வராது.

சென்ற மாதம், முழங்கால் வலியில் படுத்திருந்த என் அக்காவுக்காக வேலி தாண்டிப்போன அவள் ஆட்டைத் திரும்ப வாங்கிவர அந்தக் கொட்டகைக்குப் போனேன். நான் இப்போது வெளிநாட்டில் குடியிருப்பவன், எல்லைப் பகுதிக்குள் வர எனக்குத் தனி அனுமதி வேண்டும். அந்தக் காகிதத்தை அதிகாரி வாங்கித் தன் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதிலிருந்து என் கண் நகரவில்லை.

அன்று ஆடுகளோடு ஓர் ஆளும் இருந்தான். பனிமூட்டத்தில் ஒரு கிடாவைத் துரத்திக்கொண்டு அந்தக் கரையிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட இளைஞன். மூலையில் அந்தக் கிடா, சிவப்புக் கொம்பும் தாடியுமாக, கயிற்றை மென்றுகொண்டிருந்தது. டம்ளர்க்கா வழக்கம்போலக் குனிந்த தலையோடு வந்து உட்கார்ந்தார்.

தவறி வந்தவன் என்று தெரிந்தால் ஆட்டைப் போலவே ஆளையும் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஒரு கேள்விதான் வில்லங்கம்: இந்தப் பக்கம் உறவு உண்டா? உண்டு என்றால் வேண்டுமென்றே வந்தவன் ஆகிவிடுவான். விஷயம் தலைநகருக்குப் போகும். முன்பு ஒருவர் உண்டு என்று சொன்னார். அவருடைய ஆடுகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன, அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். டம்ளர்க்கா அதை அவன் மொழியில் கேட்டார். பிடிபட்டதிலிருந்து காவல் அறையில் தன் மொழியைக் கேட்காமலே கிடந்தவனுக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது போலிருக்கிறது. டம்ளரைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"இருக்காங்க, எங்கப்பாவோட அக்கா. டம்ளர்ல தண்ணி குடிச்சிட்டுப் பேசறவங்கதான் உன் அத்தைன்னு அப்பா சொல்லிச் சொல்லி வளத்தாரு. அத்தை, நல்லா இருக்கீங்களா?"

அவன் மொழியில் சொன்னான். எனக்குப் புரிந்தது. எதிரே இருந்த அவர்கள் அதிகாரிக்கும் புரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். புரியாதவர் பேனாவோடு காத்திருந்த நம் அதிகாரி மட்டும்தான்.

டம்ளர்க்கா டம்ளரைத் தூக்கினார். ஒரு வாய் அல்ல, அடிவரை குடித்தார்.

"யாரும் இல்லைங்கறான்."

பேனா இறங்கவில்லை. "அவ்வளவு நேரம் பேசினான். நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க?"

"மிச்சமெல்லாம் ஆட்டுக் கதை சார். அது சினையா இருக்காம். நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போகணுமேன்னு அழறான்."

அதிகாரி மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிடா கயிற்றை மென்றபடி எங்களைப் பார்த்தது.

"நான் நகரத்துக்காரன்தான்மா. ஆனா அது கிடான்னு எனக்கே தெரியுது."

டம்ளர்க்கா நிமிரவில்லை. நிமிர்ந்து ஒருமுறை மூலையைப் பார்த்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. காலியான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அதிகாரி என் காகிதத்தை உருவி எடுத்துப் படித்தார். "சார் ரெண்டு பாஷையும் படிச்சவர்னு போட்டிருக்கு. நீங்க சொல்லுங்க. அவன் என்ன சொன்னான்?"

டம்ளர்க்கா என்னைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. பார்க்கவில்லை.

"ஆட்டைப் பத்திதான் சார். இது இல்ல, வீட்டுல விட்டுட்டு வந்த ஆடு. அது சினையா இருக்காம். அதையும் நடக்க வச்சு மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போகணும், பாத்துக்க ஆள் இல்லையாம்."

"அம்மா இந்த ஆட்டைத்தானே சொன்னாங்க."

"அம்மா எங்க சார் பாத்தாங்க? அவங்கதான் யாரையும் பாக்கறதில்லையே."

அவர் என் காகிதத்தை மடித்தார், விரித்தார். எதிரே இருந்தவர் கண்ணாடியைத் துடைத்து முடிக்கவேயில்லை. கடைசியில் பேனா இறங்கிக் கையெழுத்துப் போட்டது.

"கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. கிடாவையும்."

டம்ளர்க்கா சொன்னார். குரல் நேராகத்தான் வந்தது. கூடவே அவன் மொழியில் இன்னொன்றும் சொன்னார், ஆட்டை அதட்டும் தொனியில்: "வாயத் தெறக்காம நட. திரும்பிப் பாக்காத."

அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தான். இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக அதற்குள் டம்ளர் கவிழ்ந்திருக்கும், அவர் எழுந்துபோயிருப்பார். அன்று எழவில்லை, தலையையும் திருப்பவில்லை. டம்ளரைச் சற்றே சாய்த்து, அதன் பளபளத்த வயிற்றைத் தன் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். என் நாற்காலியிலிருந்தும் தெரிந்தது: அதில் கோணலாக ஒரு கதவு, கதவுக்கு அப்பால் ஓர் ஆளும் ஆடும், வரவரச் சின்னதாகி. அவன் முதுகு ஒரு புள்ளி ஆகும்வரை டம்ளரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார், முட்டையைச் சுற்றிப் பார்ப்பதுபோல. பிறகு கவிழ்த்தார்.