தொட்டியில் கடைசி ஆள்

முதலில் ரத்தத்தைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சபைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன். பார்த்தேன். இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன். பினாயில் போட்டுத் தேய்த்தேன். வெளியே ஸ்கூட்டரோடு காத்துக்கொண்டிருந்த கணவர், "என்ன இவ்ளோ நேரம்?" என்றார். "பாத்ரூம் கழுவினேன்" என்றேன். அது பொய்யில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் நிலக்கரித் தூசியில் விரல் கறுத்துவிடும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பேன். கணவர் தேவராஜ் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஷிப்ட் முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் கைகால் கழுவி, சட்டையைக் கழற்றி உதறிப் போட்ட பிறகுதான் குவார்ட்டர்ஸுக்குள் நுழையலாம். எங்கள் பிளாக்கில் எனக்கு 'பினாயில் அக்கா' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஆசனவாயில் ரத்தம். வாயைத் திறந்து சொல்வேனா? மூலம் என்று நானே முடிவு கட்டினேன். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டேன், காரத்தை நிறுத்தினேன். மாதங்கள் ஓடின. உடம்பு இளைத்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "டயட்ல இருக்கீங்களா லில்லி அக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்று சிரித்து வைத்தேன்.

ஒருநாள் தையல் மெஷின் ஸ்டூலில் கறை பட்டிருந்ததைக் கணவர் பார்த்துவிட்டார். "மாசாமாசம் வர்றதுதான்" என்றேன்.

"அது நின்னு ரெண்டு வருஷம் ஆவுதே" என்றார் அவர். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கொலோனோஸ்கோப்பி (குழாய் வழியாகக் கேமராவை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு பொடியைக் கொடுத்து, நிறையத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தால் குடலில் இருப்பது எல்லாம் வெளியே வந்துவிடும். மறுநாள் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "உள்ள நல்லா க்ளீனா இருக்கு. எல்லாரும் இப்படித்தான் வரணும்" என்றார். பாதி மயக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அடுத்த நிமிடம் அதே திரையில் அவர் கட்டியைக் கண்டுபிடித்தார்.

பயாப்ஸி (சதையில் துளி எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. மலக்குடலில் புற்றுநோய். "ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதும்மா. ஏன் வரல?" என்று டாக்டர் கேட்டார்.

"வெட்கமா இருந்துச்சு சார்."

அவர் திட்டவில்லை. "நெறைய பேரு இதத்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார். இதைப் படிக்கிற யாருக்காவது அந்த இடத்தில் ரத்தம் வந்தால், தயவுசெய்து நாளைக்கே போய்க் காட்டுங்கள். டாக்டருக்கு அது தினமும் பார்க்கிற இடம்.

கதிர்வீச்சு, மருந்து, பிறகு ஆபரேஷன். கட்டி மிகவும் கீழே இருந்ததால் மலக்குடலை முழுக்க எடுத்துவிட்டு, இயற்கையான வழியைத் தைத்து மூடிவிட்டார்கள். இடது பக்க வயிற்றில் ஒரு துளை போட்டு, குடலின் முனையை வெளியே எடுத்துத் தைத்தார்கள். இதற்கு கொலோஸ்டமி என்று பெயர். அந்த முனையின் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். வருவதெல்லாம் அதில் வந்து விழும். காலத்துக்கும் இப்படித்தான்.

முதல் தடவை பையைக் கழற்றிக் காட்டிய நர்ஸ் சின்னப் பெண். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "பாருங்கம்மா, நாக்கு மாதிரி செவப்பா, ஈரமா இருக்கும். தொட்டா வலிக்காது. ஆனா அடக்கணும்னு நெனைச்சா அடங்காது, அதுக்கு மூடுற தசை கெடையாது" என்றாள். "காத்து வந்தா சத்தம் போடும். கையால லேசா அமுக்கிக்குங்க, சத்தம் கொறையும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த நாள் முதல் என் இடது கை வயிற்றின் மேலேயே இருந்தது. யாராவது வந்தால் ஊதுபத்தி ஏற்றுவேன். பை மாற்றிய பிறகு பாத்ரூமை நான் கழுவிய கழுவலில் தரையின் சிமென்ட் பெயர்ந்தது. சபையில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெபத்துக்கு நடுவே எல்லோரும் அமைதியாக இருக்கும்போதுதான் அது பேச ஆரம்பிக்கும். நான் இருமுவேன். எனக்கு ஆஸ்துமா என்று சபைக்கு வரும் ஒரு சிஸ்டர் நினைத்து, ஒரு பாட்டில் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் சபை வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. வளர்ந்தவர்கள் தாங்களே முடிவு செய்து, வெள்ளை உடை உடுத்தி, சபைக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் தொட்டியில் முழுக்க மூழ்கி எழுவார்கள். அப்படி எடுத்தவர்கள்தான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அந்தச் சபைக்குத்தான் போகிறேன். ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. கோபம் குறையட்டும், நாக்கு அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். திருவிருந்துத் தட்டு வரிசையில் கைமாறி வரும். நான் வாங்கி, எடுக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் மூழ்குவதற்கு வெள்ளை உடை தைத்துக் கொடுப்பது மட்டும் நான்தான்.

பாவம் என்றாலே எனக்குக் கறை என்றுதான் தோன்றும். இயேசுவின் இரத்தம் கழுவும் என்று மற்றவர்களோடு கைதட்டிப் பாடுவேன். ஆனால் அவர் கழுவ வருவதற்குள் நாமும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வைக்க வேண்டாமா என்கிற புத்தி எனக்கு. இப்போது கறை வயிற்றிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் எத்தனை காலம் இருப்பேனோ தெரியாது, தள்ளிப்போட நேரமில்லை என்று பாஸ்டரிடம் பெயர் கொடுத்தேன். கொடுத்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பிறகு அதே தண்ணீரில் மற்றவர்கள் இறங்குவார்களே. பை விட்டுக்கொண்டால்? நனைந்த துணி உடம்பில் எப்படி ஒட்டும் என்று தைக்கிறவளுக்குத் தெரியாதா? என் உடைக்கு மட்டும் வயிற்றுப் பக்கம் மூன்று அடுக்கு துணி வைத்துத் தைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பொடி ஞாபகம் வந்தது. உள்ளே நல்லா க்ளீனா இருக்கு என்று டாக்டர் சொன்னாரே, என் வாழ்க்கையில் நான் முழுக்கச் சுத்தமாக இருந்த ஒரே நாள் அது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் சபையில் உபவாசம் இருப்போம். நானும் இருந்தேன். அத்தோடு மெடிக்கலில் அந்தப் பொடியையும் வாங்கி, உபவாசம் கெடாமல் இருக்கட்டும் என்று கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

என்னைப் போல் பை கட்டியிருப்பவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பை நிறைந்தது, மாற்றினேன், மறுபடி நிறைந்தது. விடிந்ததும் வெள்ளை உடையை மாட்டிப் பார்க்கப் போனவள் அப்படியே சரிந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. மற்றவர்கள் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றடுக்கு வெள்ளை உடை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, நாறிப்போய்.

"இந்தப் பொடிய யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பாஸ்டரம்மா வந்தார். கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பை இருப்பது பாஸ்டரம்மாவுக்கு முன்பே தெரியும். பொடியைச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது.

"லில்லி, சிலுவையில அவரு இரத்தம் சிந்தினது உன் கொடலு க்ளீனா இருக்குன்னு ரிப்போர்ட் பாத்துட்டா?" என்றார்.

நான் அழுதேன். கணவர் என் காலை நீவிக்கொண்டே பாஸ்டரம்மாவிடம் சொன்னார்: "நான் மைன்ஸ்லேர்ந்து கரியோட வந்தா, குளிச்சிட்டு வந்து பாத்ரூமுக்குள்ள போங்கன்னு சொல்ற ஆளுங்க இவ."

பாஸ்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அவர்கள் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் வெட்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த ஞானஸ்நான ஆராதனைக்குச் சில மாதங்கள் ஆயின. இந்தத் தடவை பொடி இல்லை. காலையில் அளவாக இட்லி சாப்பிட்டேன், புதுப் பையை ஒட்டி ஓரமெல்லாம் பிளாஸ்திரி போட்டேன், துவைத்து வைத்திருந்த அதே மூன்றடுக்கு உடையை மாட்டிக்கொண்டேன். தண்ணீரால் ஒன்றும் ஆகாது, பை இல்லாமலே குளிக்கலாம் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஒரு தீர்மானம் வைத்திருந்தேன். கடைசி ஆளாகத்தான் இறங்க வேண்டும். எனக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது.

நாலு பேர் பெயர் கொடுத்திருந்தோம். முன்னால் இரண்டு பேர் இறங்கி ஏறிவிட்டார்கள். மிச்சம் நானும் சரோஜா அக்காவும். அவர் காடாம்புலியூரிலிருந்து வருகிறவர், முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் தோலிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கறுத்துப் போயிருந்தன. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

"நீங்க போங்கக்கா" என்றேன்.

"நீ போ கண்ணு. நான் கடேசியா எறங்கிக்கிறன்."

"இல்லக்கா, நீங்க பெரியவங்க."

அவர் கைகளை உடைக்குள் இழுத்துக்கொண்டார். "எங் கையப் பாரு. தேச்சிகினே கெடந்தன் காலையிலேர்ந்து, போவல. வெள்ளத் துணியில இது பளிச்சுனு தெரியுது. எல்லாரும் முடிச்சிகட்டும், அப்பறமா எறங்குறன்."

தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த பாஸ்டர், "யாராவது ஒருத்தர் வாங்கம்மா" என்றார். சபையார் பாட்டை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் நகரவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டு ஆட்களையும் பாஸ்டரம்மாவையும் தவிர வேறு யாரிடமும் சொல்லாததை அந்த அம்மாவின் காதில் சொன்னேன்.

"அக்கா, எனக்கு வயித்துல ஓட்ட போட்டு பை வெச்சிருக்காங்க. வெளிக்கிப் போறது அதுலதான். அதான் நான் கடைசியா இறங்கணும்ங்கறேன்."

அவர் என் வயிற்றையும் முகத்தையும் பார்த்தார். "இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். "நீ எறங்கு. ஒனக்குப் பின்னாடியே நான் எறங்குறன்."

படியில் கால் வைத்தேன். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இடுப்புக்கு வந்தது, பிறகு பைக்கு வந்தது. இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு கையையும் நெஞ்சு மேல வைங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர். எத்தனையோ உடை தைத்திருக்கிறேன், எத்தனையோ பேர் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு மூழ்குவதைப் பார்த்திருக்கிறேன். அது என் கைக்கும் பொருந்தும் என்று யோசிக்கவேயில்லை. கையை எடுத்தேன். இயேசுவே, இதோ இப்படித்தான் இருக்கிறேன் என்று மட்டும் மனதுக்குள் சொல்ல முடிந்தது. தண்ணீர் தலைக்கு மேல் மூடியது.

எழுந்ததும் முதலில் கீழேதான் பார்த்தேன். பையில் காற்று நிறைந்து, துணிக்கு அடியில் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. மூன்றடுக்குத் துணியும் அதை மறைக்கவில்லை. சபை முழுக்கப் பார்த்திருக்கும். முகம் சுட்டது. நான் படியேறும் முன்பே சரோஜா அக்கா அந்தக் கறுத்த கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, என் தண்ணீரில் இறங்கினார்.

அன்றைக்கே திருவிருந்து. ஈரத் தலையோடு முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சரோஜா அக்கா என் பக்கத்தில் இருந்தார்.

இப்போது என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. முன்பெல்லாம் மணி பார்த்து வேலை செய்கிறவள் நான். இப்போது என் வயிறு வைத்ததுதான் நேரம், பஸ்ஸிலும், சாவு வீட்டிலும், ஜெபத்திலும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் கணக்கு. வெட்கம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஜன்னலையும் இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஞானஸ்நானம் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பத் தட்டு என்னிடம் வந்தது. பழக்க தோஷத்தில் பக்கத்தில் நீட்டப் போனேன். "எடுத்துக்க கண்ணு" என்றார் சரோஜா அக்கா. எடுத்தேன். பிறகு சின்னக் கிண்ணத்தில் ரசம் வந்தது, அதையும் எடுத்தேன். எல்லோருக்கும் கிடைக்கும் வரை கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாட்டு நின்றது. குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்போது என் வயிறு சத்தம் போட்டது, நீளமாக. ஒரு கையில் அப்பம் இருந்தது, இன்னொரு கையில் கிண்ணம். அமுக்குவதற்கு எனக்குக் கை இல்லை.