கார் பூச்சைக் காக்கக் கட்டிய கயிறு

பூந்தமல்லி ரோட்டில் கார்ப் பட்டறை நடத்தும் முதலாளி ஒரு பொய்யர். என் மைத்துனன் பீடி குடித்ததால்தான் காரில் தீப்பிடித்தது என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லி வருகிறார். நடந்ததை நான் எழுதுகிறேன்.

யுத்த காலம், சித்திரை மாதம், உச்சி வேளை. பெட்ரோல் கிடைக்காததால் கார்களுக்குப் பின்னால் கரியை எரித்து, கார் ஓடக் காஸ் தரும் அடுப்பு பொருத்திக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தேன். என் மனைவியின் தம்பியும் மேனாம்பேட்டிலிருந்து என்னோடு சைக்கிளில் வருவான். அன்று வந்தது திருவேற்காட்டுப் பெரிய மனிதர் ஒருவரின் கார். புதுப் பூச்சு, முகம் பார்க்கலாம். வெல்டிங் பொறி பட்டால் கொப்பளித்துவிடும். அதனால் வண்டி முழுக்கக் கஞ்சிப் பசையில் காகிதம் ஒட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, சாக்கு நழுவாமல் கதவுகளோடு சேர்த்துக் கயிறு சுற்றிக் கட்டுவோம்.

வெல்டிங் நடக்கும் தகட்டை ஒட்டியே பின் ஸீட்; அதற்குள் இருப்பது தேங்காய் நார். அதில் சூடு ஏறாமல், உள்ளே ஒருவன் ஈரச் சாக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். மைத்துனன் ஏறினான். ஒரு கதவையாவது கட்டாமல் விடலாமே என்றேன்.

"சாக்கு நழுவி பூச்சு போனா, உன் தோலை உரிச்சா ஒட்டுவே? கட்டுடா" என்றார் முதலாளி.

கட்டினேன். உள்ளே மைத்துனன் சிரித்தான். "பல்லக்குல போற பொண்ணு மாதிரி கீறேன் மாமே."

பாதி வேலையில் அவன் குரல் மாறியது. "மாமே, சாக்கு காஞ்சிபோச்சு. பொகையுது, கதவைத் தொற."

சுடரை அணைத்தேன். அதற்குள் நார் பற்றிவிட்டது. அவன் கதவைத் தள்ளினான். ஈரத்தில் இறுகிய முடிச்சு அசையவில்லை. கத்தியை எடுத்தேன்.

"ஏய், கீறல் படாம அறு" என்றார் முதலாளி.

எழுத வெட்கமாக இருக்கிறது. நான் அந்தப் பேச்சைக் கேட்டேன். கயிற்றுக்கு அடியில் விரலைக் கொடுத்து, கத்தி முனை பூச்சில் படாமல் மெதுவாக அறுத்தேன். உள்ளே அவன் இருமிக்கொண்டே இருந்தான். பிறகு இருமல் நின்றுவிட்டது. அவன் அக்காளிடம் போய் என்ன சொல்வேன் என்று மட்டும் நினைத்தேன். சம்மட்டியை எடுத்துச் சாக்கோடு சேர்த்துக் கண்ணாடியை உடைத்தேன். தலைமயிரைப் பிடித்து அவனை வெளியே இழுத்தேன்.

பிழைத்தான். ஆனால் இன்றும் நாலடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்திருந்தவன் எந்தக் கையால் பீடி குடித்தான்?

இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறேன். உள்ளே ஆள் இருக்கும் வண்டியை யார் சொன்னாலும் கட்டுவதில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாக அறுத்திருந்தால் என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை. என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். முதலாளி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவர். கதவைக் கட்டச் சொன்னது யார் என்று இதே பக்கத்தில், தன் பெயரைப் போட்டு அவர் பதில் எழுதட்டும்.