ஒரு மணி பத்து நிமிட மதுரை

பிள்ளைகளா, பெங்களூருக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று போன வாரம் கேட்டீர்கள். போனைப் பார்த்து ஒரு மணி பத்து நிமிடம் என்றேன். அப்படிச் சொன்னதிலிருந்து மனசுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அத்தை மகளுக்குக் காது குத்தியபோது நீங்கள் அம்மாவோடு முன்பே பஸ்ஸில் போய்விட்டீர்கள். எனக்கு முதல் நாள் வரை ஓசூர் கம்பெனியில் வேலை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரம். காலை எட்டு இருபதுக்கு விமானம், ஒன்பதரைக்கு மதுரை, பத்தரைக்கு ஊர். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பக்கத்து மெஷினில் வேலை செய்கிற மத்திகிரிக்காரர் சிரித்தார். "ஏம்ப்பா, மதுர தெக்க இருக்குது. நீ வடக்க போறேங்கற?"

"ஒரு மணி நேரந்தாண்ணா."

"அது மேல போறதுக்கு. ஏர்போர்ட்டு பெங்களூருக்கு அந்தப் பக்கமில்ல இருக்குது?"

மெஷின் ஒரு பீஸ் வெட்ட ஒரு நிமிடம்தான் ஆகும். மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆகிற நேரத்தை அதோடு சேர்க்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். என் பயணத்துக்கு அதை மறந்துவிட்டேன்.

ஐந்தரைக்கு ஓசூரில் பஸ் ஏறினேன். பெங்களூருக்குள் நுழைகிற சில்க் போர்டு சிக்னலைத் தாண்டவே மணி ஏழு. விமான நிலையத்துக்குள் ஓடியபோது எட்டாகப் பத்து நிமிடம். கவுண்டர் மூடிவிட்டார்கள். கன்னடத்தில் கேட்டேன், தமிழில் கெஞ்சினேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் முடியாது என்றாள்.

திரும்பிப் பெங்களூருக்குள் வந்து மதுரை பஸ் பிடித்தேன். அது ஓசூர் வழியாகத்தானே போகும்? நம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அத்தை போன் செய்தாள்.

"ண்ணே, எங்கண்ணே வந்துக்கிட்டு இருக்க?"

"ஓசூர்ல."

"காலைலயும் ஓசூர்லதான இருந்த? இன்னும் கெளம்பவே இல்லையா?"

நடந்ததைச் சொன்னேன். போனில் மேளச் சத்தம் கேட்டது. உங்கள் மாமாவின் அண்ணன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"அதெல்லாம் வேணாம்," என்றாள் அத்தை. "வந்தவங்க சாப்பிடட்டும். காத நாளைக்குக் காலைல குத்திக்கலாம். ஆசாரிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ சேலத்துல டீ குடிக்க எறங்கி இந்த பஸ்ஸையும் விட்றாத."

கிருஷ்ணகிரி வரை எனக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை.

கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்று அத்தை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நீங்களும் அதைத்தான் நம்பினீர்கள். கம்பெனி மேல் தப்பில்லை. மறுநாள் காலை ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை அவள் தலையைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்து, "திரும்பிப் போறப்பவாவது பஸ்ல போ" என்றாள்.

எல்லோரும் ஒன்றாகப் பஸ்ஸில்தான் வந்தோம், ஞாபகம் இருக்கிறதா?