மாடலுக்கு மூவாயிரம்

வேலூரில் அந்த அழகுக்கலைப் பயிற்சி நிலையத்துக்கு நானும் தங்கையும் விசாரிக்கப் போயிருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கட்டண அட்டையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். தங்கை அதிலிருந்த படங்களைப் பார்த்தாள், நான் தொகையைப் பார்த்தேன். ஆறு மாதப் படிப்பு, அறுபத்தைந்தாயிரம்.

அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் பன்னிரண்டு வருடம். ஓவர்டைம் பார்த்தால் கையில் பதினோராயிரம் வரும். அப்பா போனதிலிருந்து வீடு அதில்தான் ஓடியது. இரண்டு வரன் வந்து தட்டிப் போயிருந்தன. அதற்கப்புறம் அம்மா என் கல்யாணப் பேச்சை எடுப்பதே இல்லை. சம்பாதிக்கிறவளை அனுப்பிவிட்டு எதைச் சாப்பிடுவது என்று அவளுக்குப் பயம். எனக்குத் தெரியாதா?

பஸ்ஸில் தங்கை கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒரு மணப்பொண்ணு மேக்கப்புக்குப் பத்தாயிரம்க்கா. மாசம் நாலு வந்தாப் போதும், நீ வேலையே வுட்டுடலாம்."

"ஆடியில, மார்கழியில எவடி கல்யாணம் பண்றா?"

"அப்ப ஐப்ரோ பண்ணுவேன்."

முப்பது ரூபாய்க்கு ஒரு ஜோடிப் புருவம். அறுபத்தைந்தாயிரத்துக்கு எத்தனை புருவம் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்துத் தலைசுற்றி விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "இவ ஒரு வழிக்கு வந்துட்டான்னா, அடுத்த தையில உனக்கு முடிச்சிடலாம்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரி என்றேன். தங்கைக்காகத் தியாகம் செய்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அதற்குத்தான் பணம் போட்டேன்.

பி.எஃப்பில் முன்பணம் கேட்டேன். தங்கை படிப்புக்கு என்று ஒரு காரணமே அதில் கிடையாது. ஆபீஸ் பையன் கல்யாணச் செலவு என்று போட்டுவிட்டு, "மேரேஜாக்கா? சொல்லவே இல்ல?" என்றான். சிரித்து வைத்தேன். மேக்கப் பெட்டிக்குத் தனியாக இருபதாயிரம் என்று தங்கை சேர்ந்தபிறகுதான் சொன்னார்கள். அதற்கு என் கம்மலும் போனது.

கடைசியில் பரீட்சை வந்தது. மணப்பெண் அலங்காரம் செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும். அவர்களே மாடல் ஏற்பாடு செய்தால் மூவாயிரமாம்.

"மூஞ்சக் காட்டிக்கினு உக்கார மூவாயிரமா? எனக்கு அது எட்டு நாள் சம்பளம்டி!" என்று கத்தினேன். "நானே வந்து உக்கார்றேன் போ."

தங்கை என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். "கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு. பரவால்ல, மறைச்சிடலாம்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். வாடகை நகை, வாடகைப் பட்டு, கழுத்தில் ஒரு மாலை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். அடிப் பாவி, நானா இது? அழுதே விட்டேன். "அழாதக்கா, மை கலைஞ்சிடும்" என்று பஞ்சால் ஒற்றியபடியே போட்டோ எடுத்தாள். பரீட்சையில் அவளுக்குத்தான் முதல் மார்க்.

சான்றிதழை வைத்துக்கொண்டு அவளுக்குக் கிடைத்தது ஒரு பார்லரில் ஏழாயிரம் சம்பளம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போனால் ஐந்தாயிரம். எங்கள் கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கே அதைவிட ஜாஸ்தி. தை வந்தது, போனது. அம்மா வாயைத் திறக்கவில்லை.

தங்கை என் போட்டோவை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் போட்டு வைத்திருந்தாள். வைகாசியில் அதைப் பார்த்து வாணியம்பாடியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. போனில் ஒரு அம்மா பேசினார். "போட்டோல இருக்கற பொண்ணு லட்சணமா இருக்குது. எங்க குடுத்திருக்காங்க?"

"சேலத்துலங்க. ஒரு பையன் இருக்கான்" என்றாள் தங்கை. நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி, யாருக்குடி பையன்?"

"வேற இன்னாக்கா சொல்றது? முப்பத்தஞ்சு வயசாவுது, இன்னும் ஆவலன்னு சொன்னா ராசி இல்லன்னு வுட்டுட்டுப் போய்டுவாங்க."

அவள் சொன்னது தப்பில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

துணைக்கு ஒருத்தியைக் கூட்டிப் போனால் ஆயிரம் கேட்பாள் என்று நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மண்டபத்தில் பெண்ணின் சித்தி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீதானம்மா அந்தப் போட்டோ? வூட்டுக்காரரு வர்லியா?" என் வாயில் புடவைக்குக் குத்துகிற ஊக்குகள். "டியூட்டிங்க" என்றாள் தங்கை. "நீயே பூ வச்சி வுடும்மா, நல்லா வாழற கை" என்று சித்தி பூச்சரத்தை என்னிடம் நீட்டினார். வைத்தேன். சாமி, என்னுடையது எதுவும் இந்தப் பெண்ணை ஒட்ட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேதான் வைத்தேன். எட்டாயிரம் கொடுத்தார்கள். அங்கேயே இன்னும் இரண்டு ஆர்டர் பேசி முடிந்தது.

ஆவணி பிறந்ததும் அம்மாவை நானே தரகரிடம் துரத்தினேன். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"உம் பெரிய பொண்ணுக்குத்தான் ஆயிடுச்சேங்கறாரு. வாணியம்பாடில அவுங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல நீ பூ வச்சி வுட்டியாமே."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கறாரு. ஆயிப் போயி, தாலிய அறுத்துக்கினு வந்துட்டாளான்னு கேக்கறாரு."



அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது. தங்கை ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். பிரித்தேன். ஒரு ஜோடி மெட்டி.

"அந்தச் சித்தி அன்னிக்கி உன் காலயே பாத்துக்கினு இருந்தாங்கக்கா. போறப்ப மட்டும் போட்டுக்கோ. வந்து கழட்டிடலாம்."

இதுவரை வந்த பணத்தில் என் எண்பத்தைந்தாயிரத்தில் கால்வாசிகூடத் திரும்பவில்லை. இனி வருகிற ஒவ்வொரு ஆர்டருக்கும் நான் இப்படியே போக வேண்டும். அடுப்படியில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அம்மா எழுந்து வந்து கீழே உட்கார்ந்து என் காலைத் தன் பக்கம் இழுத்தாள். மெட்டியை எடுத்து விரலில் நுழைத்துப் பார்த்தாள்.

"லூசா இருக்குது" என்றாள். "நூல் சுத்திக் குடுக்கட்டா?"