வராத கப்பலின் சரக்கு

அந்த வருடம் ஹார்பரில் என் பக்கத்தில் கிரேனில் தொங்கிய ஒரு பாரம் அறுந்து விழுந்தது. கோதுமை மூட்டைகள். எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் விழப்போகிறது என்றே தோன்றும். இன்றும் அது முழுதாக விட்டுப் போகவில்லை. அப்போதெல்லாம் மகள் எண்ணூர் பஸ்ஸில் ஏறினால், அவள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அவள் எண்ணூர்ப் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாள். ஃபோர்ட்ரான் என்ற மொழியில் கணக்கு எழுதி, அதை அட்டைகளில் துளையாகப் போட்டு, இயந்திரத்துக்குக் கொடுக்கும் வேலை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த மாதம் அவளுடைய அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

அந்த மொழி எழுதுகிறவர்கள் அப்போது நகரத்தில் கொஞ்சம் பேர்தான். கல்லூரி, ரயில்வே, ஆலை என்று சிதறிக் கிடந்தவர்கள் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடிப் பேசுவார்கள். அந்தத் தடவை ராயபுரத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேடையேறுகிறவர் தன் சாமர்த்தியத்தைப் பேசக்கூடாது. தான் எழுதியதில் நேர்ந்த ஒரு தப்பைத்தான் சொல்ல வேண்டும். என் மகளும் பேசுவதாகப் பெயர் கொடுத்திருந்தாள். அதிகாரி முதல் வரிசையில் உட்காருவார் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

வேறு யாருடைய தப்பையாவது சொல்லக் கூடாதா, கையெழுத்து விழுந்த பிறகு அடுத்த வருடம் பேசக் கூடாதா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள்.

"அவ இன்னா கொலையா பண்ணிட்டா? உன் பயத்த அவ தலைல ஏத்தாத."

மகள் தலை பின்னியபடியே சொன்னாள்: "அந்த வாட்ச்மேன் ஒரு நாள் பூரா ஆபீஸ் வாசல்ல நின்னுகினு இருந்தாரு நைனா. நான் பண்ண தப்புக்கு. அத்த நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?"

எந்த வாட்ச்மேன், என்ன தப்பு என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

பெஞ்சு தூக்கிப் போட உதவுகிற சாக்கில் மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். ரயில்வேக்காரர் ஒருவர், கல்லூரி வாத்தியார் ஒருவர் என்று தங்கள் தப்புகளைச் சொல்லச் சொல்ல, கூட்டம் கல்யாண வீடு மாதிரி சிரித்தது. எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

மகள் கரும்பலகையில் நாலு வரி எழுதிவிட்டுத் திரும்பினாள். அவள் சொன்னது எனக்கே புரிந்தது. ஒரு வேலையை இத்தனை தடவை செய் என்று இயந்திரத்துக்குச் சொன்னால், அது முதலில் வேலையைச் செய்துவிட்டு அப்புறம்தான் எத்தனை என்று பார்க்கும். பூஜ்யம் தடவை என்று சொன்னாலும் ஒரு தடவை செய்துவிடும். அவளுடைய கணக்கு, அன்றன்று வந்த கப்பல்களிலிருந்து ஆலைக்குக் கந்தகம் எவ்வளவு இறங்கியது என்று சேர்க்கிற கணக்கு. புயல் கூண்டு ஏற்றிய நாளில் கப்பல் ஒன்றும் வரவில்லை. இயந்திரம் அதற்காகச் சும்மா இருக்கவில்லை. முந்தின நாள் கப்பலை மறுபடியும் வரவழைத்து, சரக்கை இன்னொரு தடவை இறக்கிவிட்டது. தாளில் இருந்த கந்தகம் கிடங்கில் இல்லை. கிடங்கைக் காத்த வாட்ச்மேன் மேல் திருட்டுச் சந்தேகம் வந்தது.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "எப்டிமா கண்டுபுடிச்ச?"

"எங்க நைனா ஹார்பர்ல கப்பல் சரக்க எண்ணி எழுதுற டேலி கிளார்க் சார். அன்னிக்கு வூட்டுல போத்திகினு படுத்துகினு இருந்தாரு. அவரு வூட்டுல கீறாருன்னா அங்க கப்பல் இல்ல சார்."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. தப்பு தெரிந்த அன்றைக்கே வாட்ச்மேனிடம் போய் மன்னிப்புக் கேட்டதையும் சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கப் பார்த்தாள்.

அப்போது முதல் வரிசையிலிருந்து அதிகாரி எழுந்தார். எனக்கு அந்த மூட்டைகள் மறுபடி விழுகிற மாதிரி இருந்தது. அவர் மேடையேறி அவளிடமிருந்து சாக்பீஸை வாங்கி, அந்த நாலு வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"இந்தப் பொண்ணு பாதிதான் சொன்னா. இதைச் சரிபார்த்து, பிரமாதம்னு கையெழுத்துப் போட்டவன் நான். வாட்ச்மேன்கிட்ட நானும் போகணும். இன்னும் போகலை."

கைத்தட்டலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

டீயும் பட்டர் பன்னும் கொடுத்தார்கள். நான் டம்ளரோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். இவளுடைய வேலைக்கு இதனால் ஒன்றும் ஆகாதே சார் என்று கேட்டே விட்டேன். அவர் வாயிலிருந்த பன்னை விழுங்கினார்.

"நல்லா இருக்கே சார். இவளை அனுப்பிட்டு, அந்தக் கப்பல் மறுபடி வந்தா நான் யாரைக் கேக்கறது? இவளை நிரந்தரமாக்கற பேப்பர் திங்கக்கிழமை மேல போயிடும்."

பக்கத்தில் நின்ற ரயில்வேக்காரர் என் தோளைத் தட்டினார். "மழை வந்தா நல்லா தூங்கு நைனா. கம்பெனி உன்ன நம்பித்தான் கீது."

நானும் சிரித்தேன். எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தேன் என்று என் வயிறு வலித்தபோதுதான் தெரிந்தது.

மகள் கரும்பலகையைச் சுற்றி நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் அழிப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வெளியே விளக்கு வைத்துவிட்டார்கள். நேரமாகிறது, வா என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன்.