கோட்டைக்குப்பத்துச் சீட்டுச் சட்டி

அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. எங்கள் தலைப்பு அணுக்கரு இணைவு, அதாவது சூரியனை டப்பாவில் அடைக்கிற வேலை. மாதிரியில் பாதி என் வீட்டில், மீதி என் வகுப்புத் தோழன் தேசிங்கின் தலையில். ஊருக்குப் போன அந்தத் தலை இரண்டு வாரமாகப் பள்ளி விடுதிக்குத் திரும்பவில்லை. போன சனிக்கிழமை அதைத் தேடிக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் 6.50க்குப் புறநகர் ரயில், பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். தேசிங்கு நிறுத்தத்துக்கே வந்திருந்தான். கோட்டைக்குப்பத்துக்கு நடந்தோம்.

ஊர் முனை டீக்கடையில் அக்கா ஒரே ஒரு தம்ளரை என் முன் வைத்தார்.

“இவனுக்கு?”

“இன்னொருத்தர் யாரும் இல்லியேப்பா.”

கலாய்ப்பது என் தொழில் என்பதால் சிரித்தேன். தேசிங்கு சிரிக்கவில்லை.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முதல் சீட்டுக்கு மீன் நிறைந்த முகத்துவாரம், கடைசிச் சீட்டுகளுக்குச் சேறு. நல்ல இடமெல்லாம் ஊர்த் தலைவர் வீட்டுக்கே விழுகிறது என்று தேசிங்கின் நைனா பன்னிரண்டு பேரைக் கூட்டிச் சட்டியை உடைத்திருக்கிறார். தனிக் குலுக்கலும் போட்டார்கள். மறுநாள் காலை தனியாக வலை போடத் தண்ணீரில் இறங்கியது அவர் படகு மட்டும். மற்றவர்கள் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து அவர் வீட்டுக்கே பாடும் இல்லை, ஊரில் பேச்சும் இல்லை.

“இன்னிக்கு ஊர்க்கூட்டம். நைனா பேரைச் சேக்கலன்னா நான் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போறேன்டா” என்றான்.

சாப்பிடும்போது நைனா எங்கள் மாதிரியைப் பற்றிக் கேட்டார். ரெண்டு சின்ன அணுக்கரு ஒன்றாகும், கொஞ்சம் எடை குறையும், குறைந்ததுதான் ஆற்றலாக வரும் என்றேன். ஆய்வுக்கூடத்தில் செலுத்திய லேசரைவிட அதிக ஆற்றல் கிடைத்துவிட்டது என்றும், மின்சாரமாக வீட்டுக்கு வர இன்னும் நாளாகும் என்றும் சொன்னேன்.

“குறையறது யாருது?”

“ரெண்டுத்துதும்.”

“ஒத்துக்கினாங்களா?” என்றார். அணுக்கருவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நாலு மணிக்குக் கூட்டம். நைனா எழுந்தார். “சட்டிய ஒடச்சது தப்பு. கேள்வி கேட்டது தப்பில்ல.” தலைவர் ஒரு துண்டுத் தாளில் அவர் பெயரை எழுதிப் புதுச் சட்டியில் போட்டார்.

“நாங்க எடுத்தா பேசுவீங்க. வெளியூர்ப் புள்ள எடுக்கட்டும்.”

கையை விட்டேன். மற்ற சீட்டுகள் வருடக்கணக்கில் மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தன. ஒன்று மட்டும் மொடமொடவென்று விரலில் குத்தியது. அது நைனாவின் சீட்டு. இழுத்தால் முகத்துவாரம். தேசிங்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் செய்த அத்தனை குறும்பிலும் இவ்வளவு சுலபமானது கிடைத்ததில்லை.

வெறும் கையை வெளியே எடுத்தேன். “புதுத் தாள் கைக்குத் தெரியுது. எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதுங்க.”

இன்று கைக்குத் தெரியும் என்றால், தலைவர் வீட்டுச் சீட்டு முன்பும் கைக்குத் தெரிந்திருக்கும். தலைவர் தரையைப் பார்த்தார். பிறகு அவரே ஒரு நோட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மறுபடி எடுத்தேன். நைனா பெயர் கடைசிக்கு முன்னால் வந்தது.

“கம்முனு எடுத்திருக்கலாம்ல, பாவி!” என்றான் தேசிங்கு.

“நீ கம்முனு இர்றா,” என்றார் நைனா. “சேறா இருந்தாலும் என் பாடு. இஸ்கூல் பைய எடுத்துக்கினு கெளம்பு.”

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், வெயில் கடுமை. மாலைப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். ஊர்க்கூட்டம் நடந்தால் கைபேசியைப் பைக்குள் வையுங்கள். ஊர் முனைக் கடையில் டீ நன்றாக இருக்கும். திரும்பும்போது அக்கா எதுவும் பேசவில்லை. இரண்டு தம்ளர் வைத்தார்.