பின்சீட்டு காளிராஜின் சைக்கிள்

எங்கள் தெருவில் இரண்டு காளிராஜ். ஒருவர் வக்கீல். இன்னொருவன் நான். காரைக்குடியில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறேன். யாராவது பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தை வாளியில் இறக்கிக் கொடுப்பேன். இந்தத் திறமைக்கு ஊர் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கூரியர்காரர் வந்து விசாரித்தால், முக்குக் கடையில், "எந்தக் காளிராஜு? வக்கீலா, பின்சீட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் பின்சீட்டு. என் மனைவி ரேணுகா ஸ்கூட்டர் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து போவேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். காலையில் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். நான் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு இறங்கினால் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவாள். கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்.

எனக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. சைக்கிள் உட்பட. சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிப் பழகுகிறேன் என்று நேரே ஊருணிக்குள் போனேன். ஓடி வந்தவர்கள் முதலில் சைக்கிளைத்தான் வெளியே எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ரேணுகாவின் ஸ்கூட்டரில் ஒரே ஒரு தடவை முயற்சி செய்தேன். தர்பூசணி வண்டி ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. அதோடு அந்தப் படிப்பும் முடிந்தது. "சாமி, நீங்க பேசாம பின்னாடியே இருங்க, புண்ணியமாப் போகும்" என்று ரேணுகா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் இருந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால், பின்சீட்டு சுகமான இடம். காற்று வரும், மரம் மட்டை பார்க்கலாம், தூக்கம் வந்தால் அவள் முதுகில் சாய்ந்துகொள்ளலாம்.

போன தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். "ஏய், மயிலு! மூணு மயிலு!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். ரேணுகா திரும்பவில்லை. எதிரே மணல் லாரி வந்துகொண்டிருந்தது. லாரி போன பிறகு சொன்னாள். "ஏங்க, பத்தொம்பது வருசமா இந்தப் பாதையில வாரேன். எனக்கு ரோட்டத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒரு நாளைக்காச்சும் நீங்க ஓட்டி, நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வரணும்னு இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. வீடு வரும்வரை நான் மரம் மட்டை எதையும் பார்க்கவில்லை. எப்பாடு பட்டாவது இவளை ஒரு நாள் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்கூட்டர் ஆகாது, தர்பூசணி ஞாபகம் இருக்கிறது. சைக்கிள்தான். புத்தியுள்ளவன் என்றால் சைக்கிள் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்திருப்பான். நான் யூடியூப் பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் பழைய பந்தய சைக்கிள் ஒன்றைப் பிரித்து, கியரைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, ஒரே பல்சக்கரத்தோடு பூட்டி ஓட்டிக் காட்டினார். தேவையில்லாததையெல்லாம் கழற்றிவிட்டால் வண்டி காற்றாகப் போகும் என்றார். எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. கியரே இல்லாமல் ஓட்டத் தெரியாதவனுக்குப் பத்துக் கியர் எதற்கு?

பழம்பொருள் கடைத்தெருவில் செம்மலை என்பவர் கடையில், எனாமல் தட்டுகளுக்கும் நின்றுபோன கடிகாரங்களுக்கும் நடுவில் அப்படி ஒரு பந்தய சைக்கிளின் சட்டம் தொங்கியது. துருப்பிடித்த கியர்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. செம்மலை சரியான வாய்க்காரர்.

"பினாங்குல ரேஸ் ஓடுன வண்டிண்ணே. ஆச்சி வீட்டு மாடியில கெடந்துச்சு. ஒத்த வெரல்ல தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். தூக்க முடிந்தது. என் மேல் விழுந்தாலும் வலிக்காது என்று தோன்றியது. ஒரு வாகனத்தை இந்தக் காரணத்துக்காக வாங்கிய ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சட்டத்தை சோணைமுத்துவின் சைக்கிள் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். ரேணுகாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சோணைமுத்துவுக்கும் இந்த மாதிரி வேலை புதிது. ஆனால் தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "இதெல்லாம் நமக்கு ஜுஜுபிண்ணே" என்றார். பின் சக்கரத்தின் அச்சு சட்டத்துக்குள் நுழையவில்லை. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்து அகட்டினோம். அது நுழைந்தது, நான் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு பிரேக் கட்டை ரிம்மை எட்டவில்லை. நீளக் கை வைத்த பிரேக் தேவகோட்டையில் கிடைக்கும் என்றார். சாயங்காலம் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். செயினை மூன்று தடவை வெட்டினார். மூன்றாவது தடவை குட்டையாகப் போய்விட்டது. "செயின்காரன் அளவு தப்பாப் போட்டுருக்கான்" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது சும்மாவா?

நிறம் மட்டும் என் வேலை. மயில்கழுத்து நிறம். எங்கள் கல்யாணத்தன்று ரேணுகா கட்டியிருந்த இரண்டாவது சேலையின் நிறம் அது. ஒரு மாதம் கலந்து கலந்து பார்த்து, வெயிலில் ஒரு சாயலும் நிழலில் ஒரு சாயலும் வரும்படி ஏற்றினேன். மட்கார்டு வேண்டாம் என்றேன். செயின் கவர் வேண்டாம். ஸ்டாண்டும் வேண்டாம். ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று சொல்லும்போது நானே ஏதோ சாமியார் ஆகிவிட்டது போல இருந்தது.

இதற்குள் விஷயம் தெருவில் கசிந்துவிட்டது, ரேணுகா காதுக்கு மட்டும் எட்டவில்லை. எதிர்வீட்டு ஞானசம்பந்தம் சார் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், தங்கமான மனிதர். ஒரு நாள் என் கடைக்கே வந்து, என்னை ஓரமாக அழைத்து, காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"தம்பி, கியரு இல்லாம வண்டி பூட்டுறீகளாமே. கஷ்டம்னா நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பேரன் வண்டியில கழட்டுனது, சும்மாதான் கெடக்கு."

"இல்ல சார், இருந்த கியர நாந்தான் கழட்டிட்டேன்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "அய்யோ பாவம்" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரேணுகாவிடம்தான் நலம் விசாரிக்கிறார்.

வண்டி ஒரு வழியாக முடிந்தது. சோணைமுத்து சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காட்டினார். "வீல் கோட்டம் சுத்தமா எடுத்துட்டேன். ஓட்டுறவுக கோட்டத்துக்கு நான் பொறுப்பில்லண்ணே" என்றார். நான் அதை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். ஸ்டாண்டு இல்லாததால் வாசல் சுவரில் சாய்த்துவிட்டு, ரேணுகாவைக் கூப்பிட்டேன்.

"ஒன்னைய உக்கார வச்சு ஓட்டிட்டுப் போறதுக்கு. நானே பூட்டுனது."

ரேணுகா வாயில் கை வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "கலரு..." என்றாள். கண்டுபிடித்துவிட்டாள்! என் ஜென்மம் சாபல்யம் அடைந்தது. அவள் முன்பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே நடந்து, சீட்டைத் தொட்டு, அதற்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏங்க, நான் எங்குட்டு உக்காருறது?"

நான் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் வானம்தான் இருந்தது. கேரியர் இல்லை. தேவையில்லாதது என்று கழித்துக்கட்டிய வரிசையில் என் பெண்டாட்டியும் போய்விட்டாள்.

சோணைமுத்துவிடம் ஓடினேன். "அண்ணே, பந்தய வண்டியில ஆளு ஏத்துவாகளா? கேரியர் மாட்ட இதுல ஓட்டையே கெடையாது. வெல்டிங் வச்சா இந்த மெல்லிசுக் குழாய் முறிஞ்சுரும். நீங்க வேணாம் வேணாம்னு அடுக்குனீகளா, சரி வெவரமாத்தான் சொல்றீகன்னு இருந்துட்டேன்" என்றார். என்னை ஒருவர் வாழ்க்கையில் முதல்முறையாக விவரமானவன் என்று நம்பியிருக்கிறார், அதன் பலன் இது. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ரேணுகா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் தேவலை. "மொதல்ல ஓட்டப் பழகுங்க, மத்தத அப்புறம் பாப்போம்" என்றாள். மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிடிக்கக் கேரியர் இல்லாததால் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே ஓடி வந்தாள். நான் விழப் போனால் விசில், விழுந்தால் இரண்டு விசில். "ஹேண்டில்பாரப் பாக்காதீக! நேராப் பாருங்க! அங்குட்டுப் பாருங்க!" என்று அவள் கத்தக் கத்த, வாலிபால் ஆடவந்த பெண் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். முட்டி இரண்டும் தேய்ந்து, மயில்கழுத்து நிறத்திலும் அங்கங்கே கீறல் விழுந்தது. சித்திரை வெயில் தொடங்கும்போது ஒருநாள், விசில் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக வந்திருந்தேன். உடனே விழுந்தேன் என்பது வேறு விஷயம்.

ஓட்டப் பழகிய பிறகு மனம் இன்னும் அடித்துக்கொண்டது. இந்த அழகுப் பதுமையைக் கொடுத்துவிட்டு, கேரியர் வைத்த சாதாரண சைக்கிளாக மாற்றிக்கொண்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். ரேணுகா குறுக்கே நின்றாள்.

"எதுக்கு மாத்துறீக? இந்தா, இந்த முன்கம்பி சும்மாதான கெடக்கு?"

"கம்பியிலயா? இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்டி."

"பத்தொம்பது வருசமா சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கு. புதுசா ஒண்ணுக்குச் சிரிக்கட்டும்."

துண்டை நாலாக மடித்துக் கம்பியில் சுற்றினாள். பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தாள். கோவிலூர் வரை போய் வருவது என்று ஏற்பாடு. முதல் மிதியில் வண்டி வக்கீல் காளிராஜின் கேட்டைப் பார்த்துப் போனது. ஞானசம்பந்தம் சார் நாளிதழைக் கீழே இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எப்படியோ தப்பி மெயின் ரோட்டுக்கு வந்தோம். "டேய், பி.டி. மிஸ்ஸுடா!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு மேடு வந்தது. எனக்கு மூச்சு இரைத்தது. அந்த மேட்டில் ஞானசம்பந்தம் சார் கொடுத்த கியரை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு சங்கதி புரிந்தது. அவள் தலை என் முகத்துக்கு நேரே இருக்கிறது. எனக்குத் தெரிவதெல்லாம் மல்லிகைப்பூதான்.

"ரேணுகா, எனக்கு ரோடு தெரியல. நீ பாத்துச் சொல்லு."

"பள்ளம். இடது பக்கம் ஒடிங்க. ஆடு வருது, ஆடு, பிரேக்! சரி, போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. மாதக்கணக்கில் இவ்வளவு பாடுபட்டு, அவளை மறுபடியும் ரோட்டைத்தான் பார்க்க வைத்திருக்கிறேன். பின்சீட்டு புத்தி முன்னால் வந்தாலும் போகாது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை.

கண்மாய்க் கரை வந்தது. வலப்பக்கம் வேலிக்கருவை, இடப்பக்கம் கொஞ்சம் தண்ணீரும் நிறையக் கொக்கும். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், அவளிடமிருந்து பேச்சைக் காணோம். பள்ளமும் வரவில்லை, ஆடும் வரவில்லை. பயந்துபோய்க் கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி எட்டிப் பார்த்தேன்.

ரேணுகா கண்மாயைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ரோடு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

நான் கூப்பிடவில்லை. கழுத்தை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டேன். வலித்தது. கோவிலூர் வரும்வரை ரோட்டை நான் பார்த்துக்கொண்டேன்.